துப்பாக்கிப் பட்டறைக்குள் எந்த வாசல் வழியாகப் போவது?

கேள்வி: ஐயா, எனக்கு 19 வயது. துறையூர் பக்கம் ஒரு கிராமம். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அப்பா லாரி பட்டறை வைத்திருக்கிறார். சின்ன வயதிலிருந்தே துப்பாக்கியின் உள்வேலையில் எனக்குப் பைத்தியம். சுடுவதில் ஆசை இல்லை, கழற்றி மாட்டுவதில்தான். இதைத் தொழிலாகச் செய்ய நம் நாட்டில் வழி உண்டா? மலையடிவாரத்தில் தெரிந்த ஒருவர் நாட்டுத்துப்பாக்கி செய்து கொடுக்கிறார். "வா, கற்றுத் தருகிறேன்" என்கிறார். போகலாமா? அமெரிக்காவில் இதற்கென்றே படிப்பு இருக்கிறதாம், ஆன்லைனிலும் தருகிறார்களாம். அது உதவுமா? பிற்காலத்தில் சொந்தமாகக் கடை வைக்க முடியுமா? இந்தப் பேச்சை எடுத்தாலே அம்மா அழுகிறார்.

பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: தம்பி, மலையடிவாரக்காரரைப் பற்றிய கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மற்றவை காத்திருக்கும், அது காத்திருக்காது. அங்கே போகாதீர்கள். சும்மா ஒரு நாள் உட்கார்ந்து பார்த்துவிட்டு வருகிறேன் என்றுகூடப் போகாதீர்கள்.

1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தில் 5ஆம் பிரிவைப் பாருங்கள். உரிமம் இல்லாமல் துப்பாக்கி செய்வது மட்டுமல்ல, விற்பது, பழுதுபார்ப்பது, சோதித்துப் பார்ப்பது எல்லாமே அதன்படி குற்றம். 2019இல் சட்டத்தைத் திருத்தியபோது தண்டனையையும் ஏற்றிவிட்டார்கள். உரிமமில்லாமல் செய்து மாட்டினால் குறைந்தது 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள் சிறை. "நான் கற்றுக்கொள்ளத்தான் வந்தேன்" என்ற பேச்சு சோதனைக்கு வரும் போலீஸிடம் எடுபடாது. பிறகு நீதிமன்றத்தில் விடுதலையே ஆனாலும், எஃப்.ஐ.ஆரில் ஏறிய பெயர் நீங்கள் எங்கே வேலைக்குப் போனாலும் பின்னாலேயே வரும். கீழே நான் சொல்லப்போகும் எல்லா இடத்திலும் உங்களைப் பற்றி உங்கள் ஊர்க் காவல் நிலையத்தில் விசாரிப்பார்கள்.

சட்டத்தை விடுங்கள், தொழிலாகப் பார்த்தாலும் அங்கே கற்க ஒன்றும் இல்லை. முறையாகச் செய்த ஒவ்வொரு குழலையும், அது சாதாரணமாகத் தாங்க வேண்டியதைவிட அதிக அழுத்தம் தரும் தோட்டாவைப் போட்டு, மனிதர் யாரும் பக்கத்தில் இல்லாமல் சுட்டுப் பார்ப்பார்கள். பிளக்கவில்லை, வீங்கவில்லை என்றால்தான் முத்திரை குத்துவார்கள். இங்கிலாந்தின் பர்மிங்காமில் இதற்கென்றே ஒரு சோதனை நிலையத்தை 1813இல் நாடாளுமன்றச் சட்டம் போட்டு ஏற்படுத்தினார்கள். இன்றும் அது நடக்கிறது. கிடைத்த இரும்புக் குழாயை வைத்துச் செய்யும் நாட்டுத்துப்பாக்கிக்கு இந்தச் சோதனை எதுவும் கிடையாது. அது வெடித்துப் பிளக்கும்போது பெருவிரலும் கண்ணும்தான் போகும். அப்படிப் போன கையை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் கை ஃபிட்டர் கை, அதைப் பணயம் வைக்காதீர்கள்.

சரி, இனி நல்ல செய்திக்கு வருகிறேன். இந்தத் தொழில் இந்தியாவில் இருக்கிறது. ராணுவத்திலும் போலீஸிலும் ஆர்மரர் என்பார்கள். நானும் ராணுவத்தில், ஆயுதங்களையும் வண்டிகளையும் பழுதுபார்க்கும் இ.எம்.இ. படையில் ஆர்மரராக இருந்துவிட்டு, இப்போது உரிமம் பெற்ற ஒரு கடையில் பழுதுபார்க்கும் மேசையைப் பார்த்துக்கொள்கிறேன். என்னிடம் வேலை கேட்டு வரும் பையன்கள் எல்லோரும் துப்பாக்கியின் பெயர்களை ஒப்பிப்பார்கள். எந்த ரைஃபிள் எந்த நாட்டில் செய்தது, எத்தனை தோட்டா பிடிக்கும் என்பதெல்லாம் அத்துப்படி. நான் ஒரு திருப்புளியைக் கையில் கொடுத்து, இந்த ஸ்க்ரூவைக் கழற்று என்பேன். அங்கேயே ஆள் யார் என்று தெரிந்துவிடும்.

பழைய துப்பாக்கிகளில் ஸ்க்ரூ தலையில் இருக்கும் காடி மிகக் குறுகலானது. கடையில் வாங்கும் திருப்புளியின் முனை ஆப்பு மாதிரி சரிந்து இருக்கும். காடியின் வாய் ஓரத்தில் மட்டும் அது பிடிக்கும், முக்கித் திருப்பினால் நழுவி, தலையைச் சிதைத்து, பக்கத்தில் இருக்கும் பூவேலையிலும் ஒரு கீறல் போட்டுவிடும். அதனால் ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் ஏற்றபடி முனையைத் தேய்த்து, இரு பக்கமும் இணையாக, காடிக்குள் ஆடாமல் உட்காரும்படி நாமே செய்துகொள்ள வேண்டும். ஒரு துப்பாக்கி மேசைக்கு வந்தால் நான் முதலில் பார்ப்பது ஸ்க்ரூ தலைகளைத்தான். அவை சிதைந்திருந்தால், இதற்கு முன் இதைத் திறந்தவர் உள்ளே என்னென்ன செய்து வைத்திருப்பாரோ என்று எச்சரிக்கையாகிவிடுவேன்.

உங்கள் ஐ.டி.ஐ.யில் மட்டப்பலகையில் புருஷியன் ப்ளூ தடவி, அரம் போட்ட துண்டை அதன்மேல் தேய்த்து, நீலம் ஒட்டிய மேட்டை மட்டும் சுரண்டச் சொல்லியிருப்பார்கள். சலிப்பாக இருந்திருக்கும். அந்தப் பயிற்சிதான் இந்தத் தொழிலின் அஸ்திவாரம். ஒரு பழைய இரட்டைக்குழல் துப்பாக்கி வருகிறது என்று வையுங்கள். பூட்டிய பிறகும் குழல் லேசாக ஆடுகிறது. குழலின் பின்முகத்துக்கும் உடற்பகுதிக்கும் நடுவே வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஒரு கோடு தெரிகிறது. காகிதத் தடிமனில் பாதிகூட இருக்காது, ஆனால் அந்த இடைவெளியோடு அதைச் சுடக் கூடாது. கீல் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். தேய்ந்த பாகத்தை மாற்றிய பிறகு, மண்ணெண்ணெய் விளக்குப் புகையில் காட்டி உலோகத்தில் மெல்லிய கரி படிய விடுவோம். பூட்டித் திறந்தால் தொட்ட இடத்தில் கரி அழிந்திருக்கும். அங்கே மட்டும் அரத்தால் ஒரு இழுப்பு. மறுபடி புகை, மறுபடி பூட்டு, மறுபடி ஒரு இழுப்பு. முகம் முழுதும் ஒரே சீராகக் கரி அழியும்வரை அப்படியே போகும். ஒரு இழுப்பு கூடிவிட்டால் திரும்ப வைக்க முடியாது. இதை அரைநாள் முகம் சுளிக்காமல் செய்ய முடிகிற பையன் இந்தத் தொழிலுக்கு ஆனவன். துப்பாக்கியின் மேல் எவ்வளவு ஆசை இருந்தாலும், இது சலிக்கிறது என்றால் வேறு வேலை பார்ப்பது நல்லது.

ஆகவே என் முதல் ஆலோசனை: ஃபிட்டர் படிப்பை நன்றாக முடியுங்கள். தேசியத் தொழிற்சான்றிதழை வாங்குங்கள். லேத்திலும் கொஞ்சம் பழகுங்கள், உங்கள் ஐ.டி.ஐ.யில் டர்னர் பிரிவு இருந்தால் அந்த ஆசிரியரிடம் மாலையில் நின்று கெஞ்சியாவது கற்றுக்கொள்ளுங்கள். மைக்ரோமீட்டரில் நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டரைத் தயங்காமல் படிக்க வேண்டும். அப்பா பட்டறையில் ஸ்பிரிங் பட்டையைச் சூடாக்கிக் குளிரவைப்பதைப் பார்த்திருப்பீர்கள். எஃகை எந்த நிறம் வரும்வரை சூடாக்கினால் எவ்வளவு கடினம் ஏறும், மறுபடி எவ்வளவு இளக்க வேண்டும் என்பதை அங்கேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். லாரி பட்டறை என்று அதைக் குறைவாக நினைக்க வேண்டாம். துப்பாக்கிக்குள் ஸ்பிரிங்குகள்தான் முதலில் தளரும், உடையும்.

இரண்டாவது, ஏற்கெனவே உரிமம் இருக்கும் ஒரு கூரைக்குக் கீழே நுழையுங்கள். அதற்கு முன் துப்பாக்கியைத் தொடவே வேண்டாம். உங்களுக்கு மிக அருகில் இருப்பது திருச்சி. அங்குள்ள படைக்கலத் தொழிற்சாலை 1960களிலிருந்து சிறு ஆயுதங்கள் செய்கிறது. திருச்சி அசால்ட் ரைஃபிள் என்ற பெயரில் வந்தது அங்கே செய்ததுதான். 2021 அக்டோபர் 1ஆம் தேதி நாட்டின் 41 படைக்கலத் தொழிற்சாலைகளை 7 அரசுக் கம்பெனிகளாகப் பிரித்தபோது, திருச்சித் தொழிற்சாலை கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட அட்வான்ஸ்டு வெப்பன்ஸ் அண்ட் எக்யுப்மென்ட் இந்தியா என்ற கம்பெனியின் கீழ் வந்தது. தொழிற்பழகுநர் சட்டத்தின் கீழ் அங்கே ஐ.டி.ஐ. முடித்தவர்களை அப்ரண்டிஸாக எடுப்பார்கள். அப்ரண்டிஸ் ஆனால் நிரந்தர வேலை என்று நினைத்துவிடாதீர்கள். ஆனாலும், நல்ல இயந்திரங்களின் நடுவே, ஒரு குழலை எப்படித் துளைத்து, எப்படி உள்ளே வரிவெட்டி, எப்படி அளந்து பார்க்கிறார்கள் என்று அருகில் நின்று காண்பதற்குத் தமிழ்நாட்டில் அதற்கு இணையான இடம் இல்லை. பின்னர் வேலைக்கு அறிவிப்பு வந்தால், அது நிரந்தரமா, குறித்த கால ஒப்பந்தமா என்று படித்துப் பார்த்து விண்ணப்பியுங்கள். அறிவிப்பு கம்பெனியின் சொந்த இணையதளத்திலும் செய்தித்தாளிலும் வரும். "உள்ளே ஆள் இருக்கிறார், இத்தனை லட்சம் கொடுத்தால் போதும்" என்று யார் வந்தாலும் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

ராணுவம் அடுத்த வழி. அக்னிவீர் டெக்னிக்கல் பிரிவுக்கு பன்னிரண்டாம் வகுப்பு அறிவியல் பாடத்தோடு படித்தவர்களும், பத்தாம் வகுப்போடு இரண்டு வருட ஐ.டி.ஐ. முடித்தவர்களும் போகலாம். ஃபிட்டர் இரண்டு வருடப் படிப்பு என்பதால் உங்களுக்கு அது பொருந்தும். ஆனால் உள்ளே போன பிறகு எந்தப் பிரிவு, எந்தத் தொழில் என்று ராணுவம்தான் ஒதுக்கும். ஆர்மரர் கேட்டுப் போய் வண்டி மெக்கானிக் ஆனவர்கள் உண்டு. நான்கு வருடம் முடிந்ததும் நான்கில் ஒரு பங்கு பேரைத்தான் தொடர்ந்து வைத்துக்கொள்வார்கள் என்பதையும் அப்பா அம்மாவிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். அஸ்ஸாம் ரைஃபிள்ஸில் மட்டும் ஆர்மரர் என்று பெயர் போட்டே ஆள் எடுப்பதைப் பார்த்திருக்கிறேன். வடகிழக்கு மலைகளில் வேலை, வீட்டுக்கு வருடத்தில் சில வாரங்கள்தான். போலீஸில் பெரும்பாலும் ஏற்கெனவே பணியில் உள்ள காவலர்களிலிருந்து கைவேலை தெரிந்தவர்களைப் பொறுக்கிப் பயிற்சிக்கு அனுப்புவார்கள். ஐ.டி.ஐ. ஃபிட்டர் ஒருவர் ஆயுதப்படைக் காவலராகச் சேர்ந்தால், மேலதிகாரியிடம் கேட்டுப் பார்க்க அவருக்கு ஒரு நியாயம் இருக்கும்.

தனியார் கம்பெனிகளும் வந்துவிட்டன. பெங்களூரில் எஸ்.எஸ்.எஸ். டிஃபென்ஸ், குவாலியர் அருகே பி.எல்.ஆர். சிஸ்டம்ஸ் ஆகியவை ரைஃபிள் செய்கின்றன. கணினி இயக்கும் சி.என்.சி. இயந்திரம் தெரிந்தவர்களுக்குத்தான் அங்கே முதல் மரியாதை. கையால் செய்யும் மரபுக்கு பீகாரின் முங்கேரைச் சொல்வார்கள். 1760களில் மீர் காசிம் தன் தலைநகரை அங்கே மாற்றி ஆயுதப் பட்டறை வைத்ததிலிருந்து அந்த ஊரில் இந்தக் கைத்தொழில் தொடர்கிறது. உரிமம் பெற்ற பட்டறைகள் இன்றும் இருக்கின்றன, ஆனால் பலவும் நொடிந்த நிலையில். கூடவே கள்ளத்துப்பாக்கிக்கும் அந்த ஊர் பெயர் எடுத்துவிட்டது. மொழி தெரியாத 19 வயதுப் பையனை நான் அங்கே அனுப்ப மாட்டேன்.

பலர் கவனிக்காத ஒரு வழி இருக்கிறது, உங்கள் வயதுக்கு அதுதான் ஏற்றது என்று எனக்குத் தோன்றுகிறது. அது விளையாட்டுத் துப்பாக்கி. சென்னை, கோவை, மதுரை, திருச்சி என்று ரைஃபிள் கிளப்புகள் இருக்கின்றன. அங்கே பள்ளிப் பிள்ளைகள் 10 மீட்டர் ஏர் ரைஃபிளும் ஏர் பிஸ்டலும் சுடுகிறார்கள். 4.5 மில்லிமீட்டர் துளையும் 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றலும் உள்ள ஏர் துப்பாக்கிக்கு 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி உரிமம் தேவையில்லை. நல்ல போட்டித் துப்பாக்கிகள் வால்தர், ஃபைன்வெர்க்பாவ், ஸ்டெயர் என்று ஜெர்மனியிலிருந்தும் ஆஸ்திரியாவிலிருந்தும் வருகின்றன. பழுதானால் பார்க்க ஆள் இல்லாமல் பெற்றோர் வெளியூருக்கு அனுப்பிவிட்டு வாரக்கணக்கில் காத்திருக்கிறார்கள், பிள்ளையின் பயிற்சி நின்றுபோகிறது.

இந்த வேலை எளிதல்ல. சிலிண்டரில் காற்று 200 பார் அழுத்தத்தில் அடைபட்டிருக்கும். உங்கள் அப்பா லாரி டயருக்கு அடிப்பது 8 பார் பக்கம். சிலிண்டருக்குப் பத்து வருடம்தான் ஆயுள், அதைத் தாண்டினால் போட்டியில் அனுமதிக்க மாட்டார்கள். ஏர் பிஸ்டலில் விசை (ட்ரிகர்) குறைந்தது 500 கிராம் தாங்க வேண்டும். போட்டிக்கு முன் அந்த எடையை விசையில் தொங்கவிட்டுத் தூக்கிப் பார்ப்பார்கள், விசை விழுந்துவிட்டால் அந்தப் பிள்ளை அந்தத் துப்பாக்கியோடு களத்துக்குள் போக முடியாது. விசையைச் சரியாக 500க்குக் கொஞ்சம் மேலே நிறுத்தி, நாள் முழுதும் அது மாறாமல் இருக்கச் செய்வது மிக நுட்பமான வேலை. ஒரு கிளப்பில் போய், சம்பளம் பேசாமல் ஞாயிற்றுக்கிழமைகளில் உதவிக்கு நிற்கிறேன் என்று கேளுங்கள். பயிற்சியாளரின் மேற்பார்வையில் ரப்பர் வளையம் மாற்றுவது, குழல் துடைப்பது என்று தொடங்கலாம். அங்கே நீங்கள் கற்கும் முதல் ஒழுக்கம் எந்தத் துப்பாக்கிக்கும் பொதுவானது: கையில் எடுத்ததும் குழலின் வாயை ஆளில்லாத பக்கம் திருப்பி, திறந்து, உள்ளே காலியா என்று கண்ணால் பார்த்து, விரலாலும் தடவிப் பார்ப்பது. கொடுத்தவர் "காலிதான்" என்று சொல்லியிருந்தாலும் பார்க்க வேண்டும். நான் மேசையிலிருந்து எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்தாலும் மறுபடி பார்ப்பேன்.

வெளிநாட்டுப் படிப்பைப் பற்றிக் கேட்டீர்கள். ஆன்லைன் படிப்புக்குப் பணம் கட்டாதீர்கள். அரம் பிடிக்கும் கையைப் பக்கத்தில் நின்று திருத்த ஆள் வேண்டும், அந்தச் சான்றிதழை இங்கே யாரும் கேட்கவும் மாட்டார்கள். அமெரிக்காவில் நேரடியாகச் சொல்லித்தரும் நல்ல பள்ளிகள் இருக்கின்றன, கொலராடோவில் இருப்பவை பெயர் பெற்றவை. ஆனால் மாணவர் விசா போன்ற தற்காலிக விசாவில் போகிறவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதை, சில விலக்குகள் தவிர, அந்நாட்டுச் சட்டமே தடுக்கிறது. கடன் வாங்கிப் போய் இறங்கிய பிறகு இதைத் தெரிந்துகொள்ளக் கூடாது. உண்மையிலேயே வெளிநாடு வேண்டும் என்றால் ஐரோப்பாவைப் பாருங்கள். ஆஸ்திரியாவில் ஃபெர்லாக், பெல்ஜியத்தில் லியேஜ், ஜெர்மனியில் சூல் ஆகியவை தலைமுறை தலைமுறையாகத் துப்பாக்கி செய்யும் ஊர்கள். ஜெர்மனியில் இது மூன்று வருடத் தொழிற்பயிற்சி, பட்டறையில் வேலை, கூடவே பள்ளி. ஜெர்மன் மொழி நன்றாக வந்தால்தான் பயிற்சி ஒப்பந்தமே கிடைக்கும். இங்கே சில வருடம் வேலை பார்த்துவிட்டு யோசிக்க வேண்டிய காரியம் அது.

சொந்தக் கடை பற்றி இப்போதே நினைப்பதில் தப்பில்லை, அவசரப்பட்டால்தான் தப்பு. 21 வயது நிறையாதவருக்கு, போட்டிக்குப் பயிற்சி பெறும் இளையோர் தவிர, துப்பாக்கி வைத்திருக்கவே சட்டம் இடம் தராது. பழுதுபார்க்கும் கடைக்கென்று தனி உரிமம், பாதுகாப்பான அறை, பதிவேடு எல்லாம் வேண்டும். இந்தப் பதிவேடு வேலையில் பாதி என்றே சொல்வேன். ஒருவர் துப்பாக்கியோடு வந்தால், நான் முதலில் உரிமப் புத்தகத்தைக் கேட்பேன். காலாவதி ஆகவில்லையா, புத்தகத்தில் இருக்கும் எண்ணும் துப்பாக்கியில் வெட்டியிருக்கும் எண்ணும் ஒன்றா என்று பார்த்து, பதிவேட்டில் எழுதிய பிறகுதான் மேசைக்கு வரும். எண் அழிந்திருந்தாலோ, குழலைக் கொஞ்சம் குட்டையாக்கித் தர முடியுமா என்று மெதுவாகக் கேட்டாலோ, எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும் திருப்பி அனுப்பிவிட வேண்டும். குழலைக் குறைப்பதற்குச் சட்டத்தில் தனிப்பிரிவே இருக்கிறது.

வருமானம் பெரிதாக இல்லை, ஆனால் வேலை தீராது. 1980களிலிருந்து பொதுமக்களுக்கு வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி நின்றுவிட்டதால், தாத்தா காலத்து கிரீனர், வெப்ளி போன்ற இங்கிலாந்துத் துப்பாக்கிகளைப் பழுதுபார்த்துத்தான் வைத்திருக்கிறார்கள். உதிரிபாகம் கிடைக்காது, கையால் செய்ய வேண்டும். தேர்தல் வந்தால் இன்னும் வேலை கூடும். உரிமத் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்வார்கள், சில மாதம் எண்ணெய் காணாமல் கிடந்துவிட்டு, உள்ளே செம்புள்ளி பூத்துத் திரும்பி வரும். குழலை வெளிச்சத்தை நோக்கிப் பிடித்து உள்ளே பார்த்தால் நிழல் வளையங்கள் ஒன்றுக்குள் ஒன்றாகத் தெரியும். துரு தின்ற இடத்தில் அந்த வளையம் கறுத்து உடைந்திருக்கும், அமுங்கிய இடத்தில் நெளிந்திருக்கும். குழல் தேறும் என்று தெரிந்தால் வெளிப்பூச்சைப் புதிதாக ஏற்றுவோம். அதையும் துருவை வைத்தேதான் செய்கிறோம். மெல்லிய பழுப்புத் துருவை வேண்டுமென்றே பிடிக்கவைத்து, சுத்தமான கொதிநீரில் போட்டால் அது கறுப்பாக மாறும். மெல்லிய கம்பித் தூரிகையால் தேய்த்துவிட்டு மறுபடி துரு, மறுபடி கொதிநீர். சில நாள் கழித்து ஆழ்ந்த கருநீலம் வந்து நிற்கும். இந்த வேலைக்கு குடகுப் பக்கம் நல்ல மதிப்பு உண்டு. அங்கே குடவ இனத்தாருக்கும், ஜம்மா எனும் பரம்பரை நிலம் வைத்திருப்பவர்களுக்கும் உரிமம் எடுப்பதிலிருந்தே விலக்கு இருப்பதால் வீட்டுக்கு வீடு துப்பாக்கி இருக்கிறது.

அம்மாவிடம் சண்டை போடாதீர்கள். அவர் பயப்படுவது மலையடிவாரக்காரரை நினைத்துத்தான் இருக்கும், அந்தப் பயத்தில் அவர் சொல்வது சரி. அங்கே போக மாட்டேன் என்று முதலில் வாக்குக் கொடுங்கள். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரையும் திருச்சி கிளப்புக்கு அழைத்துப் போங்கள். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பெண்பிள்ளைகள் அமைதியாக நின்று குறிபார்ப்பதை அவரே பார்க்கட்டும்.

இந்த மாதத்தில் செய்ய வேண்டியது இரண்டு. மத்திய அரசின் அப்ரண்டிஸ்ஷிப் இணையதளத்தில் உங்கள் பெயரைப் பதிந்துவிடுங்கள். ஆதாரிலும் மதிப்பெண் பட்டியலிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒரே மாதிரி இருக்கின்றனவா என்று பாருங்கள், இல்லையென்றால் இப்போதே திருத்துங்கள். சரிபார்ப்பில் ஓர் எழுத்து மாறியதால் மட்டுமே நல்ல கைவேலைக்காரர்கள் திரும்பிப் போயிருக்கிறார்கள்.